பிரிண்டர் நின்றதும் உரியவருக்குத் தகவல்: அச்சு மேலாண்மை மென்பொருளில் நிகழ்வு அறிவிப்புகளை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் எத்தனை பிரிண்டர்கள் இருக்கின்றன என்று கேட்டால், முதலாளி ஓர் எண்ணையும் கணக்குப் பிரிவு வேறோர் எண்ணையும் சொல்லும். அலுவலக மாடியில் லேசர் பிரிண்டர்கள், பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டிகளுக்குப் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் தெர்மல் பிரிண்டர்கள், ஸ்டோரில் டெலிவரி சலான் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ், சனிக்கிழமைச் சம்பளப் பட்டியலுக்கென்று கணக்குப் பிரிவில் தனியாக ஒன்று என அவை கட்டடம் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. இவற்றில் ஒன்று நின்றுவிட்டால், யாராவது பொறுமை இழந்து போன் செய்யும்போதுதான் கணினிப் பிரிவுக்குச் செய்தி தெரிகிறது. அதற்குள் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டிய கன்டெய்னர் லாரி வாசலில் காத்து நிற்கும்.

அந்தப் போன் வருவதற்கு முன்பே தகவல் உரியவரிடம் போய்ச் சேரும்படி அமைப்பது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். விண்டோஸ் சர்வரோடு கூடவே வரும் ‘பிரிண்ட் மேனேஜ்மென்ட்’ என்னும் கருவியை அடிப்படையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவானாலும், ஈரோட்டில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரானாலும், நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகமானாலும், தனியாகப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்காத இடங்களில் கைவசம் இருப்பது அதுதான். விலைக்கு வாங்கும் மென்பொருள்கள் எங்கெங்கே மாறுபடுகின்றன என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்

கண்ணில் படும் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு, எல்லா அறிவிப்புகளையும் கணினிப் பிரிவின் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பும்படி வைத்துவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். தொடக்கத்தில் எல்லா மடல்களும் படிக்கப்படும். சில நாள்களில் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளுவதற்கு ஒரு விதி எழுதப்படும். அதன் பிறகு அந்த ஃபோல்டரை யாரும் திறப்பதில்லை. உண்மையிலேயே சர்வர் நின்றுபோன செய்தியும் அதற்குள்ளேயே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும், ‘இதைப் படித்ததும் எழுந்து போக வேண்டியவர் யார்’ என்ற கேள்விக்கான பதிலை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதிலாக ஒரு பெயரோ பதவியோ கிடைக்கவில்லை என்றால், அந்த நிகழ்வுக்கு அறிவிப்பே வேண்டாம்.

பேக்கிங் பிரிவு பிரிண்டரில் தாள் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியவர் பேக்கிங் சூப்பர்வைசர். கணினிப் பிரிவுக்கு அந்தச் செய்தி தேவையே இல்லை. டோனர் குறைந்தால் தகவல் ஸ்டோருக்குப் போக வேண்டும், ஏனென்றால் வாங்கி வைக்க வேண்டியவர்கள் அவர்கள். அதுவும் டோனர் முழுவதும் தீர்ந்த பிறகு அன்று, ஆர்டர் போட்டுப் பொருள் வந்து சேரும் நாள்களைக் கணக்கிட்டு முன்கூட்டியே போக வேண்டும். தாள் சிக்கிக்கொண்டால் முதலில் அந்தப் பிரிவினர் முயன்று பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சிக்கல் நீடித்தால் மட்டும் கணினிப் பிரிவுக்குச் செல்லட்டும். அச்சு வேலைகளை வாங்கி வரிசையாகப் பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலர் சேவை நின்றால் எந்தத் தாமதமும் இல்லாமல் கணினிப் பிரிவுக்கு. மூடி திறந்திருக்கிறது என்ற நிகழ்வுக்கு யாருக்கும் எதுவும் வேண்டாம். தெர்மல் பிரிண்டரில் ஒவ்வொரு முறை ரிப்பன் மாற்றும்போதும் மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நேரத்தையும் இதே தாளில் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் தாள் தீர்ந்த செய்தி யாருக்கும் பயன்படாது. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் இரவு ஷிப்ட் ஓடினால், இரவில் பொறுப்பிலிருப்பவரின் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்தி எங்கிருந்து கிளம்புகிறது

அறிவிப்பு வரவில்லை அல்லது தவறாக வருகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ளாததால் வருபவை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பிரிண்டரின் நிலை குறித்த செய்திக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது பிரிண்டரே தன் நிலையைச் சொல்வது. இதற்குப் பயன்படும் நெறிமுறை எஸ்.என்.எம்.பி. சர்வர் யு.டி.பி. 161-ஆம் போர்ட் வழியாகக் கேள்வி கேட்கும், பிரிண்டர் பதில் சொல்லும். பிரிண்டர் தானாகவே முந்திக்கொண்டு அனுப்பும் ‘டிராப்’ செய்திகள் 162-ஆம் போர்ட்டுக்கு வரும். எந்தக் கேள்விக்கு எந்த வடிவில் பதில் சொல்ல வேண்டும் என்பதை இணையத் தர ஆவணங்களான, 1995-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1759-உம், அதற்கு மாற்றாக 2004-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3805-உம் வரையறுத்திருப்பதால்தான், வெவ்வேறு கம்பெனிகளின் பிரிண்டர்களை ஒரே மென்பொருள் கண்காணிக்க முடிகிறது. இரண்டாவது ஊற்று சர்வரில் இருக்கும் ஸ்பூலர். க்யூவில், அதாவது அச்சு வேலைகளின் வரிசையில், எத்தனை வேலைகள் காத்திருக்கின்றன, எது பிழையில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியும். மூன்றாவது விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு, அதாவது ‘ஈவென்ட் வியூவர்’. யார், எப்போது, எத்தனை பக்கம் அடித்தார் என்ற கணக்கும், அச்சாகாமல் தோற்ற வேலைகளின் கணக்கும் அங்கே இருக்கும்.

இதிலிருந்து தெரிய வருவது, யு.எஸ்.பி. கம்பியில் ஒரு கணினியோடு மட்டும் இணைந்திருக்கும் பிரிண்டரிடம் நெட்வொர்க் வழியாக எஸ்.என்.எம்.பி. கேள்வி கேட்க முடியாது என்பது. ஸ்டோரில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸின் ரிப்பன் மங்கிவிட்டது என்று எந்த மென்பொருளும் சொல்லாது. அத்தகைய பிரிண்டர்களுக்கு க்யூவின் நீளத்தை மட்டுமே நம்பி அறிவிப்பு அமைக்க முடியும்.

டோனர் அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிண்டர் இரண்டு எண்களைத் தருகிறது: முழுக் கொள்ளளவு ஒன்று, இப்போது இருப்பது ஒன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். ஆனால் சில பிரிண்டர்கள் இருப்பு அளவாக -3 என்ற எண்ணைத் தரும். ‘கொஞ்சமாவது இருக்கிறது, எவ்வளவு என்று சொல்ல முடியாது’ என்பதே அதன் பொருள். -2 என்றால் அளவே தெரியாது. இதை அறியாத மென்பொருளோ ஸ்கிரிப்டோ (தானாக ஓடும் சிறு கட்டளைக் கோப்போ) அந்த எதிர்ம எண்ணை ‘15 சதவீதத்துக்குக் கீழே’ என்று கணக்கிட்டு நாள் முழுவதும் டோனர் தீர்ந்துவிட்டதாக மடல் அனுப்பும். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ்களிலும் இதே தொல்லை உண்டு. தூள் நிறைய இருந்தாலும் சிப் மாற்றப்படாமல் இருந்தால் பிரிண்டர் பழைய கணக்கையே சொல்லும். ரீஃபில் அதிகம் பயன்படுத்தும் இடங்களில் டோனர் சதவீதத்தை விட்டுவிட்டு, கார்ட்ரிட்ஜ் மாற்றிய நாளில் பிரிண்டரின் மொத்தப் பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து கணக்கிடுவது மேல். எச்.பி. 88ஏ கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 1,500 பக்கம் தரும் என்று நிறுவனமே சொல்கிறது. அதில் முக்கால் பங்கு ஓடியதும் ஸ்டோருக்கு ஒரு தகவல் போனால் போதும்.

நெட்வொர்க்கைச் சீர்செய்தல்

முதலில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஐ.பி. முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரௌட்டரில் அல்லது ஐ.பி. முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரில் அந்தப் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணுக்கு) ஓர் ஐ.பி.யை ஒதுக்கி வைப்பதே நல்ல முறை. முகவரி மாறிக்கொண்டே இருந்தால், பேக்கிங் பிரிவின் பெயரில் கணக்குப் பிரிவு பிரிண்டரின் செய்தி வரும் விபரீதமும் நேரலாம்.

அடுத்து, சர்வரில் பிரிண்டரின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘போர்ட்ஸ்’ தாவலைத் திறந்து, அது ‘ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்’ வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் தானாகவே கண்டுபிடித்துச் சேர்த்த ‘டபிள்யூ.எஸ்.டி.’ போர்ட்டாக இருந்தால், புதிய டி.சி.பி./ஐ.பி. போர்ட் உருவாக்கி அதற்கு மாற்றிவிடுங்கள். பிறகு ‘கான்ஃபிகர் போர்ட்’ பொத்தானை அழுத்தினால் கீழே ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்ற கட்டம் இருக்கும். பிரிண்டர் எஸ்.என்.எம்.பி.க்குப் பதில் சொல்லக்கூடியதாக இருந்தால் டிக் இருக்கட்டும். பதில் சொல்லாத பிரிண்டருக்கு அந்த டிக் இருந்தால், நன்றாக அச்சடித்துக்கொண்டிருக்கும் பிரிண்டரைக்கூட விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்ற பொய் அறிவிப்புகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தக் கட்டத்தின் கீழே ‘கம்யூனிட்டி நேம்’ என்ற இடத்தில் ‘பப்ளிக்’ என்று இருக்கும். பிரிண்டரின் வலைப் பக்கத்தில் அதே பெயர்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அங்கே எழுதும் அனுமதியை மூடிவிட்டு, படிக்கும் அனுமதியை மட்டும் கொடுங்கள். முடிந்தால் சர்வரின் ஐ.பி.க்கு மட்டும் பதில் சொல்லும்படி கட்டுப்படுத்துங்கள். எஸ்.என்.எம்.பி.யின் பழைய பதிப்புகளில் இந்தப் பெயர் மறையாக்கம் இல்லாமல் அப்படியே கம்பியில் போகிறது.

மடல் போகும் பாதை

அறிவிப்புக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். மேலாளரின் கணக்கையோ ஏற்றுமதி ஆவணங்கள் வரும் கணக்கையோ பயன்படுத்தினால், அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எல்லா அறிவிப்புகளும் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஜிமெயில் கணக்காக இருந்தால் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு ‘ஆப் பாஸ்வேர்ட்’ எனப்படும் 16 எழுத்துக் கடவுச்சொல்லை உருவாக்கி அதையே மென்பொருளில் கொடுக்க வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் வழியைக் கூகுள் சொந்தக் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியிலேயே மூடிவிட்டது. சாதாரண ஜிமெயில் கணக்கு ஒரு நாளைக்கு 500 மடல்களுக்கு மேல் அனுப்ப விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தவறாக அமைத்த ஓர் அறிவிப்பு அந்த அளவைக் காலைக்குள்ளேயே தீர்த்துவிடும். வெளியே செல்லும் போர்ட்டாக 587-ஐப் பயன்படுத்துங்கள். 25-ஆம் போர்ட்டை இணைய நிறுவனங்கள் பலவும் அடைத்து வைத்திருக்கும்.

இங்கே விண்டோஸ் கருவிக்கு ஒரு குறை உண்டு. ‘பிரிண்ட் மேனேஜ்மென்ட்’ பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி, மடல் சர்வரின் பெயர், செய்தி ஆகியவற்றை மட்டுமே கேட்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல், போர்ட் எண் ஆகியவற்றை உள்ளிட அதில் இடமே இல்லை. ஆகவே அதை நேரடியாக ஜிமெயிலோடு இணைக்க முடியாது. உள் நெட்வொர்க்கிலேயே மடலை வாங்கி, கடவுச்சொல்லோடு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் இடைத்தரகர் ஒன்று வேண்டும். விண்டோஸ் சர்வரில் முன்பு இருந்த, மடல் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. சர்வர் வசதி 2025 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், அதை நம்பிப் புதிதாக எதையும் அமைக்க வேண்டாம். ஒரு பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மடல் மென்பொருளை ரிலேயாக, அதாவது இந்த இடைத்தரகராக வைப்பது எளிது. அது உள் நெட்வொர்க் முகவரிகளிலிருந்து வரும் மடல்களை மட்டுமே ஏற்கும்படி அமைக்கத் தவறாதீர்கள். இல்லையேல் உலகத்தின் குப்பை மடல்கள் எல்லாம் உங்கள் வழியாகவே போகும்.

வடிகட்டியும் அறிவிப்பும்

‘அட்மினிஸ்ட்ரேடிவ் டூல்ஸ்’ பகுதியில் ‘பிரிண்ட் மேனேஜ்மென்ட்’ கருவியைத் திறங்கள். இடப்பக்கத்தில் ‘கஸ்டம் ஃபில்டர்ஸ்’ என்ற கிளை இருக்கும். அதற்குள் எல்லாப் பிரிண்டர்கள், தயாராக இல்லாத பிரிண்டர்கள், வேலை காத்திருக்கும் பிரிண்டர்கள் என்று சில வடிகட்டிகள் ஏற்கெனவே இருக்கும். அவை பார்ப்பதற்குப் பயன்படும். அறிவிப்புக்கு நம்முடையதைத் தனியாக உருவாக்குவதே நல்லது.

கிளையின் மேல் வலது சொடுக்கிட்டு ‘ஆட் நியூ பிரிண்டர் ஃபில்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் இடமும் நிகழ்வும் தெரியட்டும்: ‘பேக்கிங் – தாள் இல்லை’. அடுத்த பக்கத்தில் மூன்று பத்திகள் இருக்கும். முதல் வரிசையில் ‘பிரிண்டர் நேம்’, ‘பிகின்ஸ் வித்’, அதன் மதிப்பாகப் பேக்கிங் பிரிவு பிரிண்டர்களுக்கு நீங்கள் இட்டிருக்கும் பொது முன்னொட்டு. இரண்டாம் வரிசையில் ‘க்யூ ஸ்டேட்டஸ்’, ‘இஸ் எக்ஸாக்ட்லி’, ‘அவுட் ஆஃப் பேப்பர்’. இந்த முறை பலன் தர வேண்டுமானால் பிரிண்டர்களின் பெயர்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். மாடல் எண்ணையே பெயராக விட்டு வைத்திருப்பவர்கள் முதலில் பிரிவின் பெயரால் தொடங்கும்படி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளட்டும். ஒரே வடிகட்டியில் தாள் தீர்தல், தாள் சிக்கல், ஆஃப்லைன் எல்லாவற்றையும் அடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போக வேண்டியவர் வேறு என்று முன்பே தாளில் எழுதிவிட்டோம்.

மூன்றாம் பக்கத்தில்தான் அறிவிப்பு இருக்கிறது. மடல் அனுப்பும் கட்டத்தில் டிக் இட்டு, பெறுநர் முகவரிகளை அரைப்புள்ளியால் பிரித்து எழுதுங்கள். மடல் சர்வராக உள் ரிலேயின் முகவரியைக் கொடுங்கள். அதே பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டை இயக்கும் வசதியும் உண்டு. பேக்கிங் தளத்தில் மடல் பார்ப்பவர் யாரும் இல்லை என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது வசதிதான்.

க்யூவில் வேலைகள் குவிவதைப் பிடிக்க ‘ஜாப்ஸ் இன் க்யூ’ என்ற புலத்தைப் பயன்படுத்தி இன்னொரு வடிகட்டி அமைக்கலாம். எத்தனைக்கு மேல் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். அலுவலக லேசரில் இருபது வேலை காத்திருந்தால் ஏதோ கோளாறு. ஸ்டிக்கர் பிரிண்டரில் ஷிப்மென்ட் அன்று இருபது வேலை காத்திருப்பது இயல்பு.

பதிவேட்டிலிருந்து அறிவிப்பு

வடிகட்டிகளால் பிடிக்க முடியாத இரண்டு நிகழ்வுகள் உண்டு: அச்சாகாமல் தோற்ற வேலை, நின்றுபோன ஸ்பூலர். இவற்றுக்கு ‘ஈவென்ட் வியூவர்’ வழியாகச் செல்ல வேண்டும். ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’ கிளையில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ‘பிரிண்ட் சர்வீஸ்’ என்று இறங்கினால் ‘அட்மின்’, ‘ஆபரேஷனல்’ என்று இரண்டு பதிவேடுகள் இருக்கும். முதலாவது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், வலது சொடுக்கி ‘எனேபிள் லாக்’ கொடுத்து நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கும்போதே அதன் அளவையும் கூட்டிவிடுங்கள். இயல்பாக உள்ள ஏறத்தாழ 1 எம்.பி. பரபரப்பான அலுவலகத்தில் விரைவில் நிரம்பி, பழைய பதிவுகள் அழியத் தொடங்கும்.

வேலை வெற்றிகரமாக அச்சானால் ‘ஆபரேஷனல்’ பதிவேட்டில் 307 என்ற எண்ணோடு பதிவு விழும். அச்சாகாமல் தோற்றால் ‘அட்மின்’ பதிவேட்டில் 372. ஒரு 372 பதிவின் மேல் வலது சொடுக்கி ‘அட்டாச் டாஸ்க் டு திஸ் ஈவென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், குறித்த நேரத்திலோ நிகழ்விலோ பணிகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரின் வழிகாட்டி திறக்கும். அதில் மின்னஞ்சல் அனுப்பும் செயல் பட்டியலில் தெரிந்தாலும், சர்வர் 2012 முதல் அது கைவிடப்பட்ட வசதி. ஒரு நிரலைத் தொடங்கும் செயலைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் எழுதிய ஸ்கிரிப்டைக் கொடுங்கள். பணி உருவான பிறகு அதன் பண்புகளில், யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓடும்படி மாற்ற வேண்டும்.

ஸ்பூலர் எதிர்பாராமல் நின்றால் ‘சிஸ்டம்’ பதிவேட்டில் 7031 அல்லது 7034 பதிவாகும். இவ்வெண்கள் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவானவை என்பதால், நின்றது பிரிண்ட் ஸ்பூலர்தானா என்று ஸ்கிரிப்ட் சரிபார்த்த பிறகே தகவல் அனுப்பட்டும். கூடவே, ‘சர்வீசஸ்’ பகுதியில் ஸ்பூலரின் ‘ரிகவரி’ தாவலில், முதல் இரண்டு முறை நின்றால் தானாக மறுபடி தொடங்கும்படி வைத்துவிடுங்கள். சர்வர் தானே சரிசெய்துகொள்ளக்கூடிய ஒன்றுக்காக நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் ஆவணத்தின் பெயர் இயல்பாகத் தெரியாது. கணினிகளின் விதிகளை நிர்வகிக்கும் குரூப் பாலிசியில் அதற்கென உள்ள அனுமதியைக் கொடுத்தால்தான் தெரியும். கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். சம்பளப் பட்டியல், வேலைநீக்கக் கடிதம், மருத்துவமனையில் நோயாளியின் பெயரோடு கூடிய அறிக்கை ஆகியவற்றின் தலைப்புகள் அறிவிப்பு மடலில் ஊர்வலம் போகக் கூடாது.

மின்தடையும் பொறுத்திருக்கும் நேரமும்

மின்வாரியம் முன்னறிவிப்போடு செய்யும் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஜெனரேட்டர் எடுக்கும் வரை சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஓடும், லேசர் பிரிண்டர்களை யு.பி.எஸ்.ஸில் இணைப்பது வழக்கமில்லை. எல்லாப் பிரிண்டர்களும் ஒரே நொடியில் ஆஃப்லைன் ஆகும். எல்லாவற்றுக்கும் தனித்தனி மடல் பறக்கும். ஜெனரேட்டர் எடுத்ததும் எல்லாம் திரும்பி வரும். அறிவிப்பின் மீது எல்லோரும் நம்பிக்கை இழப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

இதற்கு மருந்து, சொல்வதற்கு முன் சற்றுப் பொறுப்பது. டாஸ்க் ஷெட்யூலரில் நிகழ்வுத் தூண்டலின் விரிவான அமைப்புகளில் தாமதம் கொடுக்க இடம் இருக்கிறது. ஆஃப்லைனுக்குப் பதினைந்து நிமிடம், தாள் சிக்கலுக்குப் பத்து, தாள் தீர்வதற்கு ஐந்து என்று தொடங்கலாம். ஆனால் தாமதம் மட்டும் போதாது. அந்த நேரம் கழிந்ததும் ஸ்கிரிப்ட் பிரிண்டரின் நிலையை மறுபடி பார்த்து, கோளாறு இன்னும் இருந்தால் மட்டுமே செய்தி அனுப்ப வேண்டும். வடிகட்டியிலிருந்து இயங்கும் ஸ்கிரிப்டிலும் இதே முறையைக் கையாளலாம். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டால், அந்தப் பிரிவின் நெட்வொர்க் ஸ்விட்ச் பதில் சொல்கிறதா என்று முதலில் கேட்கச் செய்து, ஸ்விட்ச்சே இல்லை என்றால் பத்துப் பிரிண்டர்களுக்குப் பதிலாக ‘பேக்கிங் பிரிவு நெட்வொர்க் இல்லை’ என்ற ஒரே செய்தியோடு நிறுத்தலாம்.

ஒரே கோளாறுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாம் செய்தி போகாதபடி தடுப்பதும் தேவை. கடைசியாக அனுப்பிய நேரத்தை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தாலே அது நடந்துவிடும்.

செய்தியின் வாசகம்

‘பிரிண்டர் எரர்’ என்று மட்டும் வரும் செய்தியால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பிரிண்டர், எங்கே இருக்கிறது, என்ன செய்ய வேண்டும், முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது இரண்டே வரியில் இருக்கட்டும். ‘பேக்கிங் 2, ஜன்னல் ஓரம் உள்ள பெரிய பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டதுங்க. கீழ் டிரேயில் ஏ4 வைங்க. வைத்த பிறகும் ஓடவில்லை என்றால் 214-க்குக் கூப்பிடுங்க.’ இப்படி எழுதினால் படிப்பவர் யோசிக்க வேண்டியதில்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகமாக உள்ள பிரிவானால் அதே செய்தியை இந்தியிலும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதும்போது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வரும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இன் மடல் அனுப்பும் கட்டளை, குறியேற்றம் (எழுத்துகளைக் கணினி எண்களாக வைக்கும் முறை) எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொண்ட ஆஸ்கி என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். கட்டளையில், தமிழையும் தாங்கும் யு.டி.எஃப்.-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஸ்கிரிப்ட் கோப்பையும் அதன் தொடக்கத்தில் குறியேற்றத்தைக் காட்டும் ‘பி.ஓ.எம்.’ குறியோடு கூடிய யு.டி.எஃப்.-8 வடிவில் சேமிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் எழுத்துகள் சிதையும். அந்தக் கட்டளையை மைக்ரோசாஃப்ட் காலாவதியானதாக அறிவித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள் ரிலேக்கு அனுப்ப அது போதும், நேரடியாக வெளியே அனுப்ப வேண்டாம்.

போனுக்குச் செய்தி அனுப்ப விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது எஸ்.எம்.எஸ். அதற்கு இந்தியாவில் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். சிறு நிறுவனத்துக்கு அது தேவையற்ற சுமை. வாட்ஸ்அப்பில் அதிகாரப்பூர்வமற்ற கருவிகளால் தானியங்கிச் செய்தி அனுப்பினால் எண்ணே முடக்கப்படலாம். டெலிகிராமில் ஒரு ‘பாட்’ (தானியங்கிக் கணக்கு) உருவாக்கி, பிரிவுக்கு ஒரு குழு அமைத்து, ஸ்கிரிப்டிலிருந்து அதற்கு அனுப்புவதே குறைந்த செலவில் நிலையாக ஓடும் வழி என்பது என் கருத்து.

விலைக்கு வாங்கிய மென்பொருளும் லினக்ஸும்

பேப்பர்கட் போன்ற விலைக்கு வாங்கும் அச்சு மேலாண்மை மென்பொருள்களில் மேலே சொன்ன ஒட்டுவேலைகள் பலவும் தேவைப்படாது. சர்வரின் 9191-ஆம் போர்ட்டில் அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பக்கத்துக்குச் சென்றால், மடல் சர்வரின் பெயரோடு போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் அங்கேயே கொடுக்கலாம். எந்த நிகழ்வு யாருக்கு என்ற அந்தத் தாள் இங்கேயும் தேவை. அந்த நிர்வாகப் பக்கத்தை வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2023 ஏப்ரலில் அதன் ஒரு பாதுகாப்புக் குறையைப் பயன்படுத்தித் தாக்குதல்கள் நடந்தன. புதுப்பிப்புகளைத் தள்ளிப் போடக் கூடாது.

லினக்ஸில் கப்ஸ் என்னும் அச்சு மென்பொருளை வைத்திருப்போர் 631-ஆம் போர்ட்டில் நிலையைப் பார்க்கலாம், அது பயன்படுத்தும் ஐ.பி.பி. என்ற அச்சு நெறிமுறையிலேயே நிகழ்வுச் சந்தா என்ற ஏற்பாடு இருக்கிறது. ஜீப்ரா வகைத் தெர்மல் பிரிண்டர்கள் ரிப்பன் தீர்தல், லேபிள் தீர்தல் போன்றவற்றைத் தாமாகவே மடலாகவோ டிராப்பாகவோ அனுப்ப வல்லவை என்பதால், அவற்றுக்குப் பிரிண்டரிலேயே அமைத்துவிடுவது சுருக்கமான வழி.

சோதனை

அறிவிப்புப் பக்கத்தில் இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தான் மடல் போகும் பாதையை மட்டுமே சோதிக்கிறது. உண்மையான கோளாறை நீங்களே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். டிரேயிலிருந்து தாளை எடுத்துவிட்டு ஒரு பக்கம் அச்சடிக்கச் சொல்லுங்கள், நேரத்தைக் குறியுங்கள், செய்தி உரியவரின் போனுக்கு எப்போது வந்தது என்று பாருங்கள். நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கி, தாமத நேரத்துக்கு முன்பே திரும்பச் செருகி, செய்தி வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வரக் கூடாத செய்தி வராமல் இருப்பதும் சோதனையில் அடங்கும். பிறகு சர்வரிலிருந்து முழுமையாக லாக்அவுட் செய்துவிட்டு இவற்றையே மறுபடி செய்யுங்கள். ‘பிரிண்ட் மேனேஜ்மென்ட்’ கன்சோல் திறந்திருக்கும்போது மட்டுமே ஓர் அறிவிப்பு வருகிறது என்று தெரிந்தால், அதை டாஸ்க் ஷெட்யூலருக்கு மாற்றி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை பிரிண்டர்களின் நிலையைப் பார்க்கும் ஸ்கிரிப்டாக அமைத்துக்கொள்ளுங்கள். சர்வரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்த பிறகும் எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு இந்தச் சுற்று முடியும்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அறிவிப்பே வராத நாளில், எல்லாம் நன்றாக ஓடுகிறதா, அறிவிப்பு அனுப்பும் ஏற்பாடே நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? தினமும் காலை எட்டரை மணிக்கு, ஷிப்ட் தொடங்கும் நேரத்தில், கணினிப் பிரிவுக்கு ஒரு வரிச் செய்தி வரும்படி வையுங்கள்: கண்காணிப்பில் உள்ள பிரிண்டர்கள் எத்தனை, அவற்றில் பதில் சொன்னவை எத்தனை, நேற்று அனுப்பிய அறிவிப்புகள் எத்தனை. அது எப்போதும் போகும் வழியிலேயே போக வேண்டும். அதே ரிலே, அதே கணக்கு, அதே ஸ்கிரிப்ட். எட்டரைக்கு அது வரவில்லை என்றால் முதலில் ரிலேயைப் பாருங்கள், அடுத்து ஆப் பாஸ்வேர்டை, அதற்குப் பிறகு டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பணி எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்பதையும், அவருடைய கடவுச்சொல் அண்மையில் மாற்றப்பட்டதா என்பதையும்.